சிறாரின் நீரிழிவும் நமது கவனயீனமும்

நீரிழிவு வயதானவர்களின் நோய் என்ற எண்ணம் நமது சமூகத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. பாடசாலை செல்லும் பிள்ளை ஒன்றுக்கு அந்நோய் கண்டறியப்பட்டால், 'இனிப்பை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்ததன் விளைவு' என்று அயலவரும் உறவினரும் பெற்றோரையே குறை கூறுகின்றனர். இந்த எண்ணம் தவறானது மட்டுமன்றி, பிள்ளைகளின் உயிருக்கே உலைவைக்கக் கூடியதுமாகும்.

சிறாரைப் பாதிக்கும் நீரிழிவு பிரதானமாக இரு வகைப்படும். முதலாவது வகையில், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்து விடுகின்றது. இனிப்பு உண்பது இதற்குக் காரணமல்ல. இரண்டாவது வகை உடற்பருமனுடன் நெருங்கிய தொடர்புடையது. முன்னர் வளர்ந்தோரிடமே காணப்பட்ட இது, இன்று பதின்ம வயதினரையும் பற்றிக்கொள்கின்றது.

முதலாவது வகைக்கான காரணங்களைக் கண்டறியும் நோக்கில், அமெரிக்கா, பின்லாந்து, சுவீடன், ஜேர்மனி ஆகிய நாடுகளில் 2004 ஆம் ஆண்டு தொடக்கம் எண்ணாயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறப்பு முதல் அவதானிக்கப்பட்டு வந்தனர். அடிக்கடி சுவாசத் தொற்றுக்கு ஆளாகும் குழந்தைகளிடம் கணையக் கலங்களுக்கு எதிரான செயற்பாடு தோன்றும் வாய்ப்புச் சற்று அதிகம் என்பது 2017 இல் வெளியான முடிவுகளில் தெரியவந்தது. ஆயினும் இது ஒரு தொடர்பே தவிர, நிரூபிக்கப்பட்ட காரணமல்ல. எனவே தடிமன், இருமல் வரும்போதெல்லாம் பெற்றோர் கலக்கமடைய வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டிய விடயம் வேறொன்று உண்டு. இன்சுலின் அற்றுப்போகும் போது குருதியில் அமிலத்தன்மை அதிகரித்து, பிள்ளை வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்கத் தொடங்கும். வாந்தியும் வயிற்றுவலியும் சேர்ந்துகொள்ளும். இதனை நெஞ்சுச் சளி என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ கருதிக் காலங்கடத்தினால் மரணமும் நேரலாம். ஆனால் அதற்கு முன்னரே அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், உடல் மெலிதல், அப்பழக்கத்தை விட்டிருந்த பிள்ளை மீண்டும் படுக்கையை நனைத்தல் என அறிகுறிகள் தென்படும். விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி இரத்தம் சில நிமிடங்களில் உண்மையைக் காட்டிவிடும்.

இவ்விடயத்தில் இத்தாலியின் பார்மா மாகாணம் நல்லதோர் முன்மாதிரியாகும். 1991 இல் அங்குள்ள 177 பாடசாலைகளில் இந்த அறிகுறிகளை விளக்கும் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. சிறுவர் வைத்தியர்களுக்குப் பரிசோதனைக் கருவிகளும் வழங்கப்பட்டன. அதற்கு முன்னர், புதிதாக நோய் கண்டறியப்பட்ட சிறாருள் 78 வீதமானோர் ஆபத்தான அமில நிலையிலேயே வைத்தியசாலையை அடைந்தனர். 1997 வரையான காலப்பகுதியில் அது 12.5 வீதமாகக் குறைந்தது. பெருந்தொகைப் பணமோ புதிய மருந்தோ இதற்குத் தேவைப்படவில்லை.

இரண்டாவது வகையைப் பொறுத்தவரை அரசாங்கங்களின் பொறுப்பே பெரிது. உலகில் 5 முதல் 19 வயது வரையானோரில் எடை குறைந்தோரை விட உடற்பருமன் கொண்டோரின் வீதம் முதற்தடவையாக அதிகரித்துள்ளதாக 2025 இல் யுனிசெப் அறிவித்தது. பிரித்தானியாவில் 2018 இல் மென்பான வரி நடைமுறைக்கு வந்தபோது, அதனைத் தவிர்ப்பதற்காக உற்பத்தியாளர்களே பானங்களின் சீனியைக் குறைத்தனர். இலங்கையிலும் 2016 இல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் சிவப்புக் குறியீட்டைக் கண்டும் அதே போத்தலைப் பிள்ளையின் கையில் கொடுப்போமாயின் சட்டத்தினால் பயன் என்ன?

தடுக்கக்கூடிய நோயைத் தடுப்பதும், தடுக்க முடியாத நோயைத் தாமதமின்றி இனங்காண்பதுமே இன்றைய தேவையாகும். பார்மாவின் சுவரொட்டியை நமது பாடசாலைச் சுவர்களிலும் ஒட்டுவதற்குச் சுகாதார, கல்வி அமைச்சுகள் முன்வர வேண்டும். பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதைச் சமூகமும் கைவிட வேண்டும். பழிச்சொல்லுக்கு அஞ்சி நோயை மறைக்கும் வீட்டில், நேரத்துக்கு ஏற்ற வேண்டிய இன்சுலினும் தவறிப்போகக் கூடும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.