சங்கத் தலைவர் குடியிருக்கும் வீடு

புதிய தொழிலுறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரு நிறுவனத்தின் தொழிலாளர்களில் 51 சதவீதத்தினரை உறுப்பினர்களாகக் கொண்ட சங்கமே இனி நிர்வாகத்துடன் பேச்சு நடத்தும் ஒரே சங்கம் என்கிறது அது. ஒரே தோட்டத்தில் பல கொடிகள் பறக்கும் நீலகிரியில் இதை வரவேற்போர் உண்டு. பிரிந்து நின்று கேட்பதைவிடச் சேர்ந்து கேட்பது நல்லதுதான். ஆனால், கேட்க வேண்டியவரே நிர்வாகத்தின் கைக்குள் போய்விட்டால்?

இது வெறும் ஐயம் அன்று. நம் அண்டை மலையான மூணாறில் 2015 செப்டம்பரில் நடந்ததை இங்குள்ள தோட்டத் தொழிலாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கண்ணன் தேவன் நிறுவனம் அவ்வாண்டு 10 சதவீத போனஸ் அறிவித்ததும், கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பொருளில் ‘பொம்பிளை ஒருமை’ என்று தங்கள் அணிக்குப் பெயரிட்டார்கள். அவர்களின் சினம் நிறுவனத்தோடு நிற்கவில்லை. இடதுசாரி, காங்கிரஸ் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாச் சங்கத் தலைவர்களையும் போராட்டக் களத்துக்குள் வரவிடாமல் தடுத்தார்கள். தலைவர்கள் நிர்வாகத்திடம் வீடும் சலுகையும் பெற்றுக்கொண்டு தங்களை விட்டுக்கொடுத்தார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. சங்கங்கள் அதை மறுத்தன. குற்றச்சாட்டை நிரூபணமாகக் கொள்வதும் முறையன்று. ஆயினும், சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு ஒன்பது நாள் போராடிய பிறகு, போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது.

வீடு என்பதில் என்ன பெரிய ஊழல் என்று சமவெளியில் இருப்பவர் கேட்கலாம். தோட்டத்தில் வீடு வேலையோடு பிணைந்தது. பணி ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை உழைத்த குடும்பத்துக்கும் சொந்தமென ஒரு செண்டு நிலம் இராது. அங்கே நிர்வாகம் ஒருவருக்கு மட்டும் நல்ல வீட்டை ஒதுக்கினாலோ, ஓய்வுக்குப் பின்னும் கண்டுகொள்ளாமல் இருக்கவிட்டாலோ, அது பணக்கட்டைவிடப் பெரிய கொடை. ரசீது இல்லை, கைமாறிய தொகை இல்லை. சந்தாவின் கதையும் இப்படித்தான். உறுப்பினரின் ஒப்புதலோடு சங்கச் சந்தாவைக் கூலியிலேயே பிடித்துக்கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. வசதியான ஏற்பாடுதான். ஆனால், மாதந்தோறும் உறுப்பினரின் வாசலுக்குப் போய்க் கைநீட்ட வேண்டிய தலைவர், நிர்வாக அலுவலகத்துக்குப் போனால் போதும் என்றாகிவிடுகிறது.

சட்டம் என்ன செய்கிறது? தனியார் நிறுவனத்தின் சங்கத் தலைவர் பொது ஊழியர் அல்லர். ஊழல் தடுப்புச் சட்டம் அவரைத் தொடாது. சங்கத்துக்கு நிர்வாகம் நிதியுதவி செய்வது ‘நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை’ என்ற பட்டியலில் வருகிறது. பழைய சட்டத்தில் அதற்கு ஆறு மாதச் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புதிய தொகுப்பில் முதல் குற்றத்துக்குப் பத்தாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் மட்டுமே. ஆனால் என்னை உறுத்துவது தொகை அன்று. அன்றும் இன்றும் அரசோ அரசின் அதிகாரம் பெற்றவரோ புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் இக்குற்றத்தை விசாரிக்கும். சந்தா கட்டி ஏமாந்த பெண் நேரே வழக்குத் தொடுக்க முடியாது.

அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் இதே நோய் இன்னும் முற்றிப் போயிருந்தது. ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் டோனி பாயில், சுரங்க முதலாளிகளோடு ஒத்துப்போகிறார் என்று எதிர்த்துப் போட்டியிட்ட ஜோசப் யப்லான்ஸ்கி, 1969 டிசம்பர் 31 அன்று மனைவி, மகளோடு சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு ஏவிய குற்றத்துக்காகப் பாயில் பின்னர் தண்டிக்கப்பட்டார். ஆனால், தண்டனைக்கு முன்பே வேறு இரண்டு நடந்தன. சங்கத்தின் நலநிதியைச் சங்கத்துக்குச் சொந்தமான வங்கியில் வட்டியின்றி முடக்கியது தவறு என்று, முதிய சுரங்கத் தொழிலாளர்கள் தாங்களே தொடுத்த வழக்கில் 1971இல் தீர்ப்பு வந்தது. 1972இல் அரசின் மேற்பார்வையில் நடந்த மறுதேர்தலில் பாயில் தோற்றார். மறுதேர்தலுக்கு வழிவிட்டது 1959ஆம் ஆண்டின் ஒரு சட்டம். சங்கம் தன் கணக்கையும், முதலாளி சங்க நிர்வாகிகளுக்குக் கொடுத்ததையும் அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும், அதை யாரும் பார்க்கலாம் என்கிறது அதே சட்டம்.

நம்மிடம் முதலாளிக்கு அந்தக் கடமை இல்லை. நாடாளுமன்றம் திருத்தும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய டான்டீ, குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அரசின் நிறுவனம். எந்தச் சங்க நிர்வாகிக்கு எந்த வீடு, எவ்வளவு வேலை விலக்கு, என்ன கடன் என்ற பட்டியலை ஆண்டுக்கொரு முறை கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒட்ட, அங்கே ஓர் அலுவலக உத்தரவு போதும். சந்தாப் பிடித்தத்துக்கான ஒப்புதலையும் ஆண்டுதோறும் தொழிலாளியிடம் புதிதாகக் கேட்கலாம்.