ஐவர் சபையும் எமது சங்கங்களும்

2004 டிசம்பர் 26இல் கடல்கோள் எமது கல்முனைக் கரையை வாரிச் சென்றது. காணாமற்போனோரையும் அகதி முகாம்களையும் பதிவுசெய்வதற்காகக் கொழும்பிலே தொண்டர்கள் கூடி ஆக்கிய மென்பொருளே ‘சஹானா’. எவரும் வாசிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமையுடையது அது.

சம்பளம் பெறாத தொண்டருக்குக் கட்டளையிடுபவர் யார்? பிடிக்காவிடின் அவர்கள் நாளையே போய்விடுவரன்றோ!

சஹானாவின் பிந்திய வடிவமாகிய ‘ஈடன்’ எழுதப்பட்ட கணினிமொழி பைதன். அதுவும் தொண்டர்களால் வளர்ந்ததே. அதனை ஆக்கிய கீடோ வான் ரொசம், கால் நூற்றாண்டுக்கு மேலாக இறுதித் தீர்ப்பைத் தம் கையில் வைத்திருந்து, 2018 ஜூலையில் தாமாகவே விலகினார், வாரிசை நியமித்தாரில்லை. தொண்டர்களே யாப்பு வரைந்து, 2019இல் ஐவர் சபையொன்றைத் தெரிந்தனர். ஒரே நிறுவனத்தின் ஊழியர் இருவருக்கு மேல் அதில் அமரலாகாது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கினால் சபையையே நீக்கலாம். சட்டம் பயின்ற எமக்கு முதல் விதியே பெரிதாகப் படுகிறது. பணமுடையோர் சபையை வாங்கிவிடாதிருக்க இட்ட வேலி அது.

சொறிக்கல்முனை விவசாயிகளுக்குத் தெரிவுமுறை புதிதன்று. வட்டவிதானையைத் தெரிபவர்கள் அவர்களே. ஆயினும் எமது சங்கங்கள் சிலவற்றில் தலைவரும் பொருளாளரும் கணக்குப் பார்ப்பவரும் ஒரே வீட்டுப் பந்தியில் உண்பவர்கள். அடுத்த பொதுக்கூட்டத்திலே, ஒரு குடும்பத்தார் இருவருக்கு மேல் நிருவாகசபையில் அமரலாகாது என்ற திருத்தத்தை எழுத்தில் முன்வையுங்கள். வரைந்து தருவதற்கு யாம் கட்டணம் கேட்கமாட்டோம்.