பழைய ஃபோர்டு கார் மலிவா கிடைக்குது, வாங்கலாமா?

கார் லோன் பத்திப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. "அஞ்சு லட்சம் பட்ஜெட். இந்தக் காசுக்குப் புதுசுன்னா சின்ன கார் தான். ஆனா நல்ல கண்டிஷன்ல ஒரு எக்கோஸ்போர்ட் நிக்குது. அதுவும் நம்ம மறைமலை நகர்ல செஞ்ச வண்டி. வாங்கலாமா?"

வண்டி நல்ல வண்டி தான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. கட்டுமானம், ஸ்டியரிங், ஹைவேயில நிக்கிற விதம், இதையெல்லாம் வச்சிருக்கிறவங்க இன்னைக்கும் விட்டுக்கொடுக்காம பேசுவாங்க. என் கேள்வி வேற. அந்த வண்டி ஏன் மலிவா கிடைக்குது? அந்தத் தள்ளுபடிக்குப் பதிலா உங்ககிட்ட என்ன கேக்குறாங்க?

மறைமலை நகர் ஆலையில இருந்து 1999ல ஐகான் வெளிய வந்தது. அப்புறம் ஃபிகோ, எக்கோஸ்போர்ட், எண்டவர்னு வரிசையா வந்தது. 2021 செப்டம்பர் 9ஆம் தேதி, இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறோம்னு ஃபோர்டு அறிவிச்சது. பத்து வருஷத்துல 200 கோடி டாலருக்கு மேல நஷ்டம்னு காரணம் சொன்னாங்க. ஏற்றுமதி ஆர்டரை முடிச்சுட்டு 2022 ஜூலையில கடைசி கார் அந்த ஆலையை விட்டு வெளிய போச்சு. சர்வீஸும் ஸ்பேர் பார்ட்ஸும் தொடரும்னு கம்பெனி சொன்னது, தொடரவும் செய்யுது. ஆனா "தொடருது"ங்கிறதுக்கும் "நாளைக்கே கிடைக்கும்"ங்கிறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு. பழைய ஃபோர்டு வாங்குறவர் காசு கொடுக்கிறது அந்த இடைவெளிக்குத் தான்.

"ஆலை நம்ம ஊர்ல தானே, பார்ட்ஸுக்கு என்ன கவலை"ன்னு சிலர் சொல்றாங்க. ஜி.எஸ்.டி ரோட்டுக்கு இந்தப் பாடம் புதுசு இல்ல. மறைமலை நகருக்கு முன்னாடியே வர்ற வண்டலூர் - பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கெசல் எல்லாம் அங்க செஞ்சது தான். 1985ல ஸ்டாண்டர்டு 2000னு ஒரு பெரிய கார் விட்டாங்க. உடம்பு இங்கிலாந்து ரோவர், உள்ள இருந்தது பழைய எஞ்சின், அதுவும் பெட்ரோலை நல்லா குடிக்கும். 1988ல கடையைச் சாத்தியாச்சு. வீட்ல பெரியவங்க யாராவது ஹெரால்டு வச்சிருந்தா, பார்ட்ஸுக்கு புதுப்பேட்டையில அலைஞ்ச கதையைக் கேட்டுப் பாருங்க. ஆலை பக்கத்துல இருந்ததால ஒரு போல்ட்டு கூட சீக்கிரம் கிடைச்சிருக்காது.

"ஃபோர்டு திரும்ப வருதாமே"ன்னு இன்னொரு நம்பிக்கை. 2025 அக்டோபர்ல தமிழ்நாடு அரசோட ஒப்பந்தம் போட்டது உண்மை. 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029ல இருந்து உற்பத்தி. வேலைவாய்ப்புன்னு பார்த்தா நம்ம மாவட்டத்துக்கு சந்தோஷமான செய்தி. ஆனா அங்க வரப்போறது ஏற்றுமதிக்கான எஞ்சின். உங்க 2018 மாடல் வண்டியோட ஹெட்லைட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இதைச் சொல்லி விலையை ஏத்துற புரோக்கர்கிட்ட சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

சரி, எது கிடைக்கும், எது இழுக்கும்? ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், வைப்பர், பேட்டரி, டயர் மாதிரி தேயுற சாமான்ல பெரிய பிரச்சினை இல்ல. இதெல்லாம் கார் கம்பெனி செய்யுறதே இல்ல, தனி நிறுவனங்கள் செய்யுறது. அதுல பாதிப் பேர் பாடி, அம்பத்தூர், ஒரகடம் பக்கம் தான் இருக்காங்க. கார் கம்பெனி போனாலும் கேக்குற ஆள் இருக்கிற வரைக்கும் அவங்க செய்வாங்க. இழுக்கிறது மத்த வகை. பம்பர், ஃபெண்டர், ஹெட்லைட், கதவு மாதிரி பாடி பார்ட்ஸ், அப்புறம் எலக்ட்ரானிக் மாட்யூல். ஒரு குறிப்பிட்ட மாடலுக்கு மட்டும் அச்சு போட்டுச் செய்யுற சாமானை, அந்த மாடலே நின்ன பிறகு வெளி ஆள் யாரும் புதுசா அச்சு போட்டுச் செய்யமாட்டான். எஞ்சின் நல்லா ஓடும், ஆனா ஒரு ஆட்டோ இடிச்ச பம்பருக்காக வண்டி ஷெட்டுல நிக்கும்.

போன பிராண்டு எல்லாமே ஒரே மாதிரி அனாதை ஆகுறதில்லங்கிறதையும் சொல்லணும். ஃபியட் 2019 வாக்குல இங்க கார் விக்கிறதை நிறுத்திருச்சு. ஆனா புன்டோ, லீனியாவுல இருந்த அதே 1.3 டீசல் எஞ்சினைத் தான் மாருதி ஸ்விஃப்ட்லயும் டிசையர்லயும் போட்டு லட்சக்கணக்குல வித்தது. அதனால மதுராந்தகத்துல இருக்கிற மெக்கானிக் கூட ஃபியட் எஞ்சினைக் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிப்பார். ஃபோர்டு 1.5 டீசலுக்கு அப்படி ஒரு மாருதி அண்ணன் இங்க கிடையாது.

வண்டியைப் பத்தி இந்த விஷயத்துல நம்மள விடத் தெளிவா யோசிக்கிறது லோடு வண்டிக்காரங்க. கோவளம், சதுரங்கப்பட்டினம் பக்கம் மீன் ஏத்துற குட்டி யானை ஓனர்கிட்ட பேசிப் பாருங்க. டச் ஸ்க்ரீன் எத்தனை இன்ச்சுன்னு கேக்கமாட்டார். கிளட்ச் பிளேட் போச்சுன்னா எந்தக் கடையில கிடைக்கும், எத்தனை மணிக்கு வண்டி திரும்ப ரோட்டுக்கு வரும், இந்த ரெண்டு தான் கேப்பார். ஒரு நாள் வண்டி நின்னா அன்னைக்கு வருமானம் இல்ல, ஆனா டியூ தேதி நிக்காது. டாடா வண்டியில சத்தம் வருது, ஃபினிஷிங் சரியில்லன்னு கார் வாங்குற நாம குறை சொல்லுவோம். அவர் அதைக் குறையாவே எடுத்துக்கமாட்டார். ரிப்பேர் வராத வண்டி உலகத்துலயே இல்லைன்னு அவருக்குத் தெரியும். ரிப்பேர் சீக்கிரம் முடியுற வண்டி எதுன்னும் தெரியும்.

அதே கணக்கை நம்ம சம்பளத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 லட்சம் லோன், 13 சதவீத வட்டி, 4 வருஷம்னு வச்சுக்கோங்க. மாசம் 10,700 ரூபாய் கிட்ட இ.எம்.ஐ வரும். யூஸ்டு கார் லோனுக்கு வட்டி புது காரை விட அதிகமா இருக்கும், அதையும் மறந்துடாதீங்க. ஒரு பார்ட்ஸுக்காக வண்டி ஒரு மாசம் நின்னா, ஓட்டாத வண்டிக்கு அந்த 10,700 போகும், அதுக்கு மேல போக்குவரத்துச் செலவு. கூடுவாஞ்சேரியில வீடு, தாம்பரத்துல ஆபீஸ்னா பரவாயில்ல, எலக்ட்ரிக் டிரெயின் இருக்கு, சீசன் டிக்கெட்ல சமாளிச்சுடலாம். அதே கூடுவாஞ்சேரியில இருந்து சிறுசேரி போறவர்? மாமல்லபுரத்துல இருக்கிறவர்? அங்க ரயிலே கிடையாது. ஒரே கார், ஒரே வழி. அவருக்கு அந்த ஒரு மாசம் ரொம்ப காஸ்ட்லி.

இன்னொரு இடத்துலயும் அடி விழும், இதை யாரும் சொல்றதில்ல. விபத்துல ரிப்பேர் செலவு வண்டியோட ஐ.டி.வி.யில 75 சதவீதத்தைத் தாண்டினா, இன்ஷூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸா எடுத்துக்கும். உங்க ஐ.டி.வி 3.5 லட்சம்னா எல்லை 2,62,500. பழைய வண்டிக்கு ஐ.டி.வி வருஷா வருஷம் இறங்கும், பாடி பார்ட்ஸ் விலை இறங்காது. அதனால சரி பண்ணக்கூடிய ஒரு அடி கூட டோட்டல் லாஸ் ஆகிடலாம். அப்ப லோன் பாக்கி 3.6 லட்சம் இருந்தா? கார் போயிடும், மீதியை நீங்க கையில இருந்து கட்டணும். அதனால தான் சொல்றேன், இந்த மாதிரி வண்டிக்கு முக்கால்வாசி லோன் போடவே போடாதீங்க. பாதிக்கு மேல கைக்காசு இல்லைன்னா வேற வண்டி பாருங்க.

இவ்வளவு சொன்னாலும் நான் எல்லாரையும் வேண்டாம்னு சொல்லல. வீட்ல பைக் இருக்கு, ரயில் இருக்கு, காத்திருக்க முடியும்னா அந்தத் தள்ளுபடி உங்களுக்கு உண்மையான லாபம். காத்திருக்கிறதுக்கு உங்களுக்குக் கிடைக்கிற கூலின்னு வச்சுக்கோங்க. ஆனா மாசம் 3,000 ரூபாயாவது தனி ஆர்.டி.யில ரிப்பேருக்குன்னு போடுங்க, முதல் மாசத்துல இருந்தே. இ.எம்.ஐ கட்டி முடிச்ச பிறகு பார்த்துக்கலாம்னு விட்டா, ரிப்பேர் அதுக்கு முன்னாடி வந்து நிக்கும்.

எந்த எக்கோஸ்போர்ட்ங்கிறதும் முக்கியம். 2017 கடைசிக்கு முன்னாடி வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக்ல இருந்தது பவர்ஷிஃப்ட்னு ஒரு டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். இந்தக் கியர்பாக்ஸ் புகார்களை ஒழுங்கா கையாளலைன்னு 2018ல ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. இங்க அதைப் பிரிச்சுச் சரி பண்ற ஆள் ரொம்பக் குறைவு. அதைத் தவிர்த்துடலாம். 1.0 எக்கோபூஸ்ட்ல டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளயே ஓடும். ஆயிலை நேரத்துக்கு மாத்தாத வண்டியில அந்த பெல்ட் பொடிஞ்சு ஆயில் வழியை அடைக்கும். சர்வீஸ் ஹிஸ்டரி இல்லாத எக்கோபூஸ்ட் என்ன விலைக்கு வந்தாலும் வேண்டாம். மேனுவல் 1.5 டீசல் தான் என் ஓட்டு.

ஈ.சி.ஆர் ஓரமா நின்ன வண்டியா இருந்தா மேல பெயிண்ட் பார்த்து மயங்காதீங்க. உப்புக் காத்து கீழ இருந்து தான் தின்னும். லிஃப்ட்ல ஏத்தி சைலன்சர், பிரேக் பைப், சஸ்பென்ஷன் ஆர்ம் பாருங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல நின்ன வண்டிகளும் மார்க்கெட்ல இருக்கு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேத்துக் கறை அங்க தான் ஒளிஞ்சிருக்கும்.

வெளி மெக்கானிக்கிட்ட போக பயப்படவும் வேண்டாம். ஸ்பேர் பார்ட்ஸை வெளிச் சந்தைக்கு விடாம வச்சிருந்ததுக்காக 2014ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டது. டாடா, மஹிந்திரா, மாருதி, ஃபோர்டு எல்லாருமே அந்தப் பட்டியல்ல இருந்தாங்க. கம்பெனிகள் மேல்முறையீடு போனாங்க, அது தனிக் கதை. வெளிய ரிப்பேர் பண்ணா வாரண்டி மொத்தமா போயிடும்னு பொதுவா ஒரு நிபந்தனை வைக்கக் கூடாதுன்னும் அந்த உத்தரவு சொன்னது. வாரண்டி முடிஞ்ச வண்டிக்கு அந்தப் பயமும் இல்ல. நல்ல மெக்கானிக் ஒருத்தரை முதல்ல பிடிங்க, அப்புறம் காரைத் தேடுங்க.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. ஆர்.சி.யில இருக்கிற சேசிஸ் நம்பரை வாங்கிக்கிட்டு சர்வீஸ் சென்டர் பார்ட்ஸ் கவுன்ட்டருக்குப் போன் பண்ணுங்க. முன் பம்பர், இடது ஹெட்லைட், முன் கண்ணாடி, ஏ.பி.எஸ் மாட்யூல், இந்த நாலுக்கும் விலை என்ன, எத்தனை நாள் ஆகும்னு கேளுங்க. பதிலை வாட்ஸ்அப்ல எழுத்தா அனுப்பச் சொல்லுங்க. அது வர்ற வரைக்கும் வண்டிக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பர்ஸைத் திறக்காதீங்க.