நிரவியவருக்கே பலன் சேரட்டும்

வந்தாறுமூலை வயற்பக்கம் இறங்கி, பெரும்போக அறுவடை நேரத்தில் வரம்பில் நின்று பாருங்கள். வெட்டு மெஷின் மேட்டில் ஏறும்போது கத்தி மண்ணை வாருகிறது. பள்ளத்தில் இறங்கும்போது சாய்ந்த கதிர் அகப்படாமல் நின்றுவிடுகிறது. ஈரம் காயாத இடத்தில் மெஷின் புதைகிறது. அது விட்டுப்போகும் தடமே அடுத்த போகத்தின் புதுப் பள்ளமாகிறது. மெஷின்காரனை ஏசுகிறோம். ஆனால் குறை பெரும்பாலும் நிலத்தின் மட்டத்திலேயே இருக்கிறது.

இந்த மேடுபள்ளங்கள் எப்படி வந்தன என்பது நமக்குத் தெரியாததல்ல. 1990 இல் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகமே அகதி முகாமாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து கொண்டு செல்லப்பட்ட 158 பேர் வீடு திரும்பவில்லை. பின்னர் 2006, 2007 ஆம் ஆண்டுகளிலும் மாவட்டத்தின் பல குடும்பங்கள் வயலை விட்டு ஓடவேண்டியிருந்தது. ஆளில்லாத வயலில் வரம்பு உடைந்தது, புற்று எழுந்தது, பற்றை வளர்ந்தது, மாடுகள் மிதித்தன. எந்த வரவை மேடு, எந்த வக்கடையைத் திறந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று அறிந்த மூத்தவர்கள் பலரும் இன்று நம்மோடு இல்லை.

மட்டமில்லாத வயலால் வரும் நட்டம் அறுவடையோடு முடிவதில்லை. ஒரு ஏக்கரில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 40,000 லீற்றர் வேண்டும். ஒரு மூலையில் உள்ள மேட்டை நனைப்பதற்காக வயல் முழுவதும் 5 சென்ரிமீற்றர் கூடுதலாகக் கட்டினால், ஏக்கருக்கு 2 இலட்சம் லீற்றர் மேலதிகம். அப்போதும் பள்ளத்தில் விதைநெல் அழுகுகிறது. மேட்டில் தண்ணீர் நில்லாததால் களை எழும்புகிறது. வாவியோரக் காணிகளில் மேடு காயக்காய உப்பும் அங்கேயே பூக்கிறது. மேட்டு நெல் முற்றி உதிரும்போது பள்ளத்து நெல் பச்சையாக நிற்கிறது. இரண்டையும் மெஷின் ஒன்றாக வெட்டித் தள்ளுகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை நெல்லின் ஈரப்பதனைப் பார்த்தே வாங்குகிறது. தனியார் வியாபாரியோ அதைக் காட்டியே விலையைக் குறைக்கிறார்.

மட்டப்படுத்தும் முறை கடினமானதல்ல. வயலில் தண்ணீர் கட்டினால் தண்ணீரே மட்டத்தைக் காட்டும். வெளியே தெரியும் மேடுகளில் கம்பு நட்டு அடையாளம் வைத்து, சேற்றிலேயே பலகை இழுத்து நிரவலாம். பெரிய மேடாயின், நிலம் காய்ந்திருக்கும்போது மேல்மண்ணை முதலில் ஒதுக்கி, அடிமண்ணை வெட்டிப் பள்ளத்தில் இட்டு, மேல்மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும். அடிமண் வெளியே தெரிந்தால் அந்த இடத்தில் பயிர் மெலியும். எருவும் வைக்கோலும் இட்டுத் தேற்ற வேண்டும். ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் முடிக்க முயலத் தேவையில்லை. மாவட்டம் 2017 இல் கண்ணிவெடியற்றதாக அறிவிக்கப்பட்டது உண்மைதான். ஆயினும் பழைய பதுங்குகுழி இருந்த இடத்தில் மண்வெட்டியில் ஏதேனும் இரும்பு தட்டுப்பட்டால் கையால் தொடாமல், அடையாளமிட்டுப் பொலிசுக்கு அறிவிப்பதே புத்தி.

இங்கேதான் நாம் சொல்ல வந்த விடயம் இருக்கிறது. நிரவுவது பல வருடப் பலன் தரும் வேலை. ஆனால் நம்மில் பலர் பிறர் காணியை ஒவ்வொரு போகமாகக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர்கள். கடன்பட்டு, குடும்பத்தோடு மண் சுமந்து மேட்டைக் கரைக்கிறோம். அடுத்த போகம், "வயல் இப்போது நல்ல வயல்" என்று குத்தகை ஏறுகிறது, அல்லது காணி வேறு கைக்குப் போகிறது. நல்ல வயலாக்கியவர் வரம்பில் நின்று பார்க்கிறார். இதைக் கண்ட மற்றவர்கள் மேட்டை மேடாகவே விட்டுவிடுகிறார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்பது அநியாயம்.

ஆகவே எமது கருத்து இது: மட்டப்படுத்த முன்னர் பேச்சை மட்டப்படுத்துவோம். நிரவும் குடும்பத்துக்கு ஆகக் குறைந்தது மூன்று வருடமாவது அதே குத்தகைக்கு அதே காணி என்று எழுத்தில் இருக்கட்டும். செலவில் ஒரு பங்கைப் போடியாரும் ஏற்கட்டும். மண் அவருடையது, மதிப்பும் அவருக்கே ஏறுகிறது. குத்தகையாளர் உரிமை பற்றி 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டறிவோம். மெஷின் திரும்ப வசதியென்று அடுத்தவர் வரம்பை அவர் இல்லாத நேரம் வெட்டவும் வேண்டாம். இன்னும் திரும்பி வராதவருக்கு அந்த வரம்பே உறுதி.

காணிக்காரருக்கும் ஒரு வார்த்தை. ஒரு போகத்துக்கு மட்டும் வருகிறவர் உங்கள் வயலில் இருப்பதை எடுத்துக்கொண்டுதான் போவார். அடுத்த வருடமும் வருவேன் என்று தெரிந்தவரே மண்ணைச் சுமப்பார்.