காத்திருத்தலும் சிகிச்சையே!

குழந்தைக்குச் சளி பிடிக்கிறது. இரண்டொரு நாளில் காய்ச்சலும் காதுவலியும் சேர்ந்துகொள்கின்றன. இரவெல்லாம் அழுத குழந்தையுடன் பெற்றோர் மறுநாள் காலை மருத்துவரிடமோ மருந்துக் கடைக்கோ செல்கின்றனர். திரும்பும்போது பெரும்பாலும் அவர்கள் கையில் ஆன்டிபயாடிக் மருந்து இருக்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் அது உடனடியாகத் தேவையா என்ற கேள்விக்கு மருத்துவ ஆய்வுலகம் விடை கூறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த விடை சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பயன்படும் வடிவில் வந்து சேரவில்லை என்பதே குறை.

மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய், குழந்தைகளுக்குக் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருக்கும். சளியால் அது அடைபடும்போது நடுச்செவியில் நீர் தேங்கி, கிருமி பெருகி, வலி உண்டாகிறது. பெரும்பாலான குழந்தைகளின் உடல் இதைத் தானே வென்றுவிடுகிறது. பல மருத்துவப் பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் ஆய்வின்படி, ஆன்டிபயாடிக் பெறாத குழந்தைகளிலும் சுமார் 60% பேருக்கு 24 மணி நேரத்தில் வலி நீங்கியது. இரண்டு, மூன்று நாள்களில் கூடுதலாக ஒரு குழந்தையின் வலியைப் போக்க 20 குழந்தைகளுக்கு மருந்து தர வேண்டியிருந்தது. ஆனால், மருந்து பெற்ற 14 பேரில் ஒருவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு போன்ற பக்கவிளைவு கூடுதலாக ஏற்பட்டது.

இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இரண்டு வயதைக் கடந்த, கடுமையான அறிகுறியற்ற குழந்தைகளுக்கு வலி நிவாரணம் மட்டும் அளித்து 48 முதல் 72 மணி நேரம் கண்காணிக்கலாம் என்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, இரு காதும் பாதிக்கப்பட்ட இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை, கடும் காய்ச்சல், காதில் சீழ் ஆகியவற்றுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. காதின் பின்புறம் வீங்கினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இங்கே ஓர் இடறலைக் காண்கிறேன். காத்திருத்தல் என்பது கைவிடுதல் அன்று. மூன்றாம் நாள் குழந்தையை மீண்டும் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்ற உறுதிப்பாட்டின் பெயரே காத்திருத்தல். மேற்சொன்ன ஆய்வுகளும் பெரும்பாலும் செல்வ நாடுகளில் நடந்தவை. செய்த வேலையின் அளவுக்கேற்பக் கூலி பெறும் பட்டாசுத் தொழிலாளியான தாய்க்கு மருத்துவரிடம் இரண்டாம் முறை செல்வதென்பது ஒருநாள் கூலி, பேருந்துக் கட்டணம், மருத்துவர் கட்டணம் ஆகிய மூன்றின் இழப்பு. ஆகவே, முதல் நாளே 'நல்ல மருந்தாக' எழுதச் சொல்கிறார். அவர் மீண்டும் வருவாரா என்ற ஐயத்தில் மருத்துவரும் எழுதுகிறார். நோயாளி அறியாததை மருத்துவர் அறிந்திருப்பதால் மருத்துவம் மற்றச் சந்தைகளைப் போன்றதன்று என்று பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதினார். இங்கே இருவருமே தத்தம் நிலையில் சரியாகத்தான் நடந்துகொள்கின்றனர். செலவோ, கிருமிகளின் மருந்து எதிர்ப்புத்திறனாக ஊர் முழுவதன் மீதும் விழுகிறது.

மறுபுறம், உண்மையில் சிகிச்சை தேவைப்படும் குழந்தை கவனிக்கப்படாமல் போகிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் சீழ் வடியும் காதை 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று விட்டுவிடுவதும், எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் இன்றும் உண்டு. நாள்பட்ட சீழ்வடிதல் மக்கள்தொகையில் 4 விழுக்காட்டைத் தாண்டிய நாடுகளின் வரிசையில் இந்தியாவை உலக சுகாதார அமைப்பு 2004-இல் வைத்தது. இதற்குரிய முதன்மைச் சிகிச்சை எளியது: காதைத் துடைத்து உலர்வாக வைத்து, மருத்துவர் குறிக்கும் சொட்டு மருந்தை இடுவது. செய்யத் தவறினால் கேட்கும் திறன் குறைகிறது. பாடம் காதில் விழாத பிள்ளை 'கவனமில்லாத பிள்ளை' எனப் பெயர் எடுக்கிறது. பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் பல ஆண்டுகள் முதலிடம் வகித்த விருதுநகர் மாவட்டம் இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாகாது.

செய்யக்கூடியவை நம் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. முதியோரின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரை நோயையும் வீடு தேடிச் சென்று கண்காணிக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடைமுறையில் உள்ளது. காதுவலியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த குழந்தையின் வீட்டுக்கு மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்போ, செவிலியரின் வருகையோ அந்தக் கட்டமைப்புக்குப் பெரும் சுமையாகாது. பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் செல்லும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவினர் நடுச்செவி அழற்சியையும் கண்டறிய வேண்டியவர்கள். ஒவ்வொரு குழந்தையின் காதுக்குள்ளும் கருவி கொண்டு பார்ப்பதை அவர்கள் தவறாமல் செய்ய வேண்டும். செஃபிக்ஸிம் போன்ற மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது, விற்பனையைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. கேரளம் 2024-இல் மருந்துக் கடைகளில் திடீர்ச் சோதனை நடத்தியது; தமிழகமும் அந்த வழியைப் பின்பற்றலாம்.

ஆனால், கடைக்காரரைக் கண்டிப்பது மட்டும் போதாது. குழந்தையை மறுமுறை காட்டச் செல்லும் தாய்க்கு அரைநாள் கூலி குறையாமல் பார்த்துக்கொள்ள ஆலை உரிமையாளர்கள் முன்வர வேண்டும். காத்திருக்கும் வசதி இல்லாதவரிடம் காத்திருக்கச் சொல்வது அறிவுரை. அந்த வசதியை உண்டாக்கித் தருவதே சிகிச்சை.