வேலை முன்னே, பயிற்சி பின்னே

படிப்பை இடையில் விட்ட ஸ்திரீகளுக்குக் கம்ப்யூட்டர் முதலிய புதிய கருவிகளைக் கையாளும் பயிற்சி அளித்துவிட்டால், அவர்கள் கல்விக்கும் உத்தியோகத்திற்கும் தாமாகவே திரும்பி வந்துவிடுவார்கள் என்ற எண்ணம் இப்பொழுது நாடெங்கும் பரவியிருக்கிறது. எண்ணம் நல்லதே. ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலுகாக்களைப் போன்ற வானம் பார்த்த பூமியில் அது எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதை ஆர அமர யோசிக்க வேண்டியது அவசியமாகும். 2018-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார், பின்தங்கியவையென்று கருதி விசேஷ கவனத்திற்காகப் பொறுக்கியெடுத்த ஜில்லாக்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை இரண்டே: ஒன்று விருதுநகர், மற்றொன்று ராமநாதபுரம். நாம் பேசும் தாலுகாக்கள் முன்னதில் அடங்கி, பின்னதன் எல்லையை ஒட்டிக் கிடப்பவை.

இப்பிரதேசத்தில் படிப்பை விட்ட பெண் யார்? எட்டாவதோ பத்தாவதோ வரையில் படித்தவள். கரிசல் காட்டில் மழை தவறிய வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். உள்ளூர் நூற்பாலையிலோ, கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கத்து ஆலைகளிலோ சில வருஷம் உழைத்தவள். மூன்று வருஷம் ஆலை விடுதியில் அடைந்து கிடந்து உழைத்தால் கலியாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை என்று ஆசை காட்டிய ‘சுமங்கலித் திட்டம்’ தென் ஜில்லாக்களிலிருந்து எத்தனை பெண்களை இழுத்துக்கொண்டு போயிற்று என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு விவாகம், குழந்தைகள், களையெடுப்பு, பருத்தி எடுப்பு, விறகு சுமத்தல். நெசவாளர் வீடாயின் தார் சுற்றுதல். முப்பது வயதில் அவளைக் கண்டு, “நீ ஏன் மேலே படிக்கவில்லை?” என்று கேட்பது, காயத்தின் மேல் உப்பைத் தூவுவதாகும். அவளுக்குக் குறைவாயிருப்பது புத்தியல்ல. பொழுதும், இடமும், படிப்பின் முடிவில் ஒரு பயனும்தான்.

சர்க்கார் இதுவரை செய்தது என்ன? 2017-ல் ஆரம்பித்த கிராமாந்தர டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம் ஆறு கோடிக் குடும்பங்களை எட்டுவதை லக்ஷியமாகக் கொண்டது. அதன் பாடம் மொத்தம் 20 மணி நேரம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இண்டர்நெட்டை ஒரு தடவையேனும் உபயோகித்தவர்கள் இந்திய ஸ்திரீகளில் நூற்றுக்கு 33 பேரே. புருஷர்களில் 57 பேர். ஆகவே ஆரம்பப் பாடம் வேண்டியதே என்பதில் நமக்கு ஆக்ஷேபம் இல்லை. ஆயினும் கையில் கருவியைப் பிடிக்கக் கற்பது வேறு. அதைக்கொண்டு ஜீவனம் நடத்தக் கற்பது வேறு. 20 மணி நேரத்தில் முன்னது வரலாம், பின்னது வராது.

இந்த விஷயத்தில் நாம் அயல்நாடுகளைப் பார்த்துப் பாடம் கற்க வேண்டியதில்லை. நமது சொந்தச் சரித்திரமே போதும். பால்யத்திலேயே விதவையாகி, 1911-ல் சென்னையில் பி.ஏ. பட்டம் பெற்ற சகோதரி சுப்புலக்ஷ்மி, அடுத்த வருஷமே விதவைப் பெண்களுக்காகச் சாரதா இல்லத்தைத் தொடங்கினார். அது பின்னர் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது. அம்முயற்சி வெற்றி பெற்ற காரணம் என்ன? பெண் பள்ளிக்கூடங்களுக்கு உபாத்தியாயினிகள் வேண்டியிருந்தார்கள், கிடைக்கவில்லை. அந்த ஸ்தானங்களை நிரப்பவே அப்பெண்கள் படிக்க வைக்கப்பட்டார்கள். தங்க இடமும் உணவும் பள்ளியும் ஒருசேரக் கிடைத்தன. படிப்பின் மறுகோடியில் உத்தியோகம் காத்திருந்தது.

இரண்டாவது உதாரணம் ஸ்ரீமதி துர்காபாய் தேஷ்முக். சிறு வயதில் செய்யப்பட்ட விவாகத்தைத் துறந்து, உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, மீண்ட பின் மெட்ரிகுலேஷன் தொடங்கிச் சட்டப் பட்டம் வரையில் படித்து, அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்த அவர், 1953-ல் மத்திய சமூகநல வாரியத்தின் முதல் தலைவரானார். கிராமங்களில் தாதிகள், உபாத்தியாயினிகள், கிராம சேவகிகள் வேண்டும். ஆனால் தகுந்த படிப்புள்ள பெண்கள் கிராமங்களில் இல்லை. அதற்கு அவ்வாரியம் கண்ட வழி 1958-ல் ஆரம்பித்த ‘சுருக்கப் பாடத்திட்டம்’. இடையில் நின்றுபோன வயது வந்த பெண்களை, சுமார் இரண்டு வருஷத்தில் பரீக்ஷைக்குத் தயார் செய்து, அந்த வேலைகளுக்கு உரியவர்களாக்குவதே அதன் நோக்கம். இங்கும் வேலை முன்னே நின்றது. பயிற்சி அதன் பின்னே வந்தது.

இன்று வரிசை தலைகீழாகிவிட்டது. பயிற்சி முதலில் வருகிறது, நற்சாட்சிப் பத்திரம் அடுத்து வருகிறது, வேலை வருவதில்லை. பத்திரம் பெட்டியில் உறங்க, பெண் பழையபடி காட்டுக்குப் போகிறாள். அவளைக் கண்ட அடுத்த வீட்டுப் பெண், பயிற்சி என்ற பேச்சையே நம்புவதில்லை. இது பணநஷ்டத்தினும் பெரிய நஷ்டம் என்பது நமது அபிப்பிராயம்.

பயிற்சி பெற்றவர்கள் நிறைந்துவிட்டால் கம்பெனிகள் தாமே தேடி வரும் என்று சிலர் வாதிக்கலாம். 2007-ல் தொடங்கிய தேசிக்ரூ கம்பெனி திருவாரூர் ஜில்லாவின் கொல்லுமாங்குடி போன்ற சிற்றூர்களில் அலுவலகம் வைத்துக் கம்ப்யூட்டர் வேலை கொடுத்தது வாஸ்தவமே. ஆனால் வெளியூரிலிருந்து வேலையைப் பெற்றுக்கொண்டு கிராமத்திற்கு வந்தது அக்கம்பெனி. பயிற்சி மட்டும் வேலையை வரவழைக்கவில்லை. மேலும், விவரங்களைப் பார்த்துத் தட்டெழுதும் வேலையைச் செயற்கை அறிவு யந்திரங்கள் நாளுக்கு நாள் விழுங்கி வருகின்றன. அந்த வேலையை நம்பி ஆயிரம் பெண்களைத் தயார் செய்வது, மேகம் கலைந்த பின் விதைப்பதற்கு ஒப்பாகும். ஸோஹோ கம்பெனி ‘மறுபடி’ என்ற பெயரில், உத்தியோகத்தை இடையில் விட்ட ஸ்திரீகளுக்கு ஏற்படுத்திய பயிற்சி போற்றத்தக்கது. ஆனால் அது ஏற்கெனவே உத்தியோகம் பார்த்தவர்களுக்கு உரியது. பத்தாவதோடு நின்ற திருச்சுழிப் பெண்ணுக்கு வேறு படிக்கட்டு வேண்டும்.

அப்படியானால் நமது தாலுகாக்களில் என்ன வேலை இருக்கிறது? மூன்றைக் குறிப்பிடுகிறோம். முதலாவது, கூட்டுறவுக் கடன் சங்கங்கள். நாட்டிலுள்ள 63,000 சங்கங்களின் கணக்குகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற மத்திய சர்க்கார் 2022-ல் ரூ. 2,516 கோடித் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது. பயிர்க்கடனும் நகைக்கடனும் வாங்க வரும் குடியானவப் பெண்களின் கணக்கை அவர்கள் ஊர்ப் பெண்ணே எழுதலாகாதா? இரண்டாவது, நூற்பாலைகள். அங்கே அறுந்த நூலை முடிபவள் பெண். யந்திரத்தைப் பழுது பார்ப்பவன் ஆண். கூலி வித்தியாசம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. பல வருஷம் யந்திரத்தின் முன் நின்றவளுக்கு அதன் சத்தத்திலிருந்தே கோளாறு தெரியும். பிட்டர் வேலையும் மின்சார வேலையும் கற்பிப்பதற்கு அவளைவிடத் தகுந்த மாணவி யார்? மூன்றாவது, சூரிய வெப்பம். நம்மைச் சுட்டெரித்த அதே வெயிலைக்கொண்டு, அண்டையிலுள்ள கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் மின்சார நிலையம் எழுந்தது. வீட்டுக் கூரைகளிலும் கிணற்று மோட்டார்களிலும் சூரியத் தகடுகள் பெருகி வருகின்றன. அவற்றைப் பொருத்தவும் பேணவும் கைகள் வேண்டும்.

பயிற்சியின் அமைப்பும் இப்பிரதேசத்தின் வாழ்க்கைக்கு இசைந்திருக்க வேண்டும். மானாவாரி நிலத்தில் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தை, மாசியில் அறுவடை. அந்த மாதங்களில் வகுப்பு வைத்தால் வருகைப் பதிவேடு வெறுமையாகவே இருக்கும். காடு சும்மா கிடக்கும் பங்குனி முதல் ஆவணி வரையே உகந்த காலம். அப்பொழுதும் கரிமூட்டத்திற்கும் கூலிக்கும் போகிறவர்கள் அன்றாட வருமானத்தை விட்டு வரவேண்டுமாதலால் உபகாரச் சம்பளம் இன்றியமையாதது. 50 பேர் வேலை செய்யும் ஸ்தாபனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-ஆம் வருஷத்துப் பிரசவ உதவிச் சட்டத் திருத்தம் விதித்தது; பயிற்சிக் கூடத்தைப் பற்றி அது பேசவில்லை. கைக்குழந்தையை எங்கே விடுவது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத எந்தத் திட்டமும் காகிதத் திட்டமே.

சட்டம் சம்பந்தமான எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பத்தாவதும் பன்னிரண்டாவதும் முறையே தேறாமல், திறந்தவெளிப் பல்கலைக் கழகத்தில் நேராகப் பெற்ற பட்டம் சர்க்கார் உத்தியோகத்திற்குச் செல்லாது என்று 2009-ல் தமிழ்நாட்டு சர்க்கார் உத்தரவிட்டனர். குறுக்கு வழியில் பட்டம் என்று விளம்பரம் செய்வோரை நம்பிப் பணத்தையும் வருஷங்களையும் இழந்தவர்கள் பலர். ஆகையால் திரும்பிவரும் பெண்ணைத் தனித்தேர்வராகப் பத்தாவது பரீக்ஷைக்கும், அடுத்துப் பன்னிரண்டாவதற்கும் உட்கார வைப்பது தொழிற்பயிற்சியோடு கூடவே நடைபெற வேண்டும். படி தாண்டினால் பின்னால் இடறும்.

ஜில்லா அதிகாரிகளும், ஆலை முதலாளிகளும், கூட்டுறவுச் சங்கத்தாரும் ஒரே மேஜையின் முன் உட்கார்ந்து, இன்ன வருஷத்தில் இத்தனை ஸ்தானங்கள், இன்ன சம்பளம் என்று முதலில் எழுதிக் கையெழுத்திடட்டும். பயிற்சிக்கு ஆள் சேர்ப்பதை அதன் பிறகு தொடங்கட்டும். எத்தனை பேருக்கு நற்சாட்சிப் பத்திரம் வழங்கினோம் என்ற கணக்கை நாம் கேட்கவில்லை. எத்தனை பேர் ஒரு வருஷத்திற்குப் பின்னும் சம்பளம் வாங்குகிறார்கள் என்ற கணக்கையே கேட்கிறோம். அந்தக் கணக்கை வருஷந்தோறும் பகிரங்கமாக வெளியிட சர்க்கார் முன்வருவார்களா?