வங்கிக் கிளையிலிருந்து முதலீட்டு வங்கிக்கு: வழி இருப்பது கடன் பிரிவில்

மும்பை: தனியார் வங்கிகளில் ஊழியர்கள் பணியிலிருந்து விலகும் விகிதம் சராசரியாக 25 சதவீதத்தை ஒட்டி இருப்பதாக, 2024 டிசம்பரில் வெளியான ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை சுட்டிக்காட்டியது. டெபாசிட், காப்பீட்டு பாலிசி, கிரெடிட் கார்டு என மாதந்தோறும் இலக்குகளால் துரத்தப்படும் இளம் அதிகாரிகள் பலருக்கு, முதலீட்டு வங்கியும் தனியார் பங்கு முதலீட்டு நிதியங்களும் விடுதலைக்கான வாசலாகத் தெரிகின்றன. பங்குச்சந்தையின் சூடும் இந்த ஆசையை வளர்த்தது. 2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா ரூ.27,870 கோடி மதிப்பிலான பங்கு வெளியீட்டை நடத்தி, 2022-ல் எல்ஐசி படைத்த சாதனையை முறியடித்தது. அத்தகைய வெளியீடுகளை நடத்தித் தருவதே முதலீட்டு வங்கிகளின் தொழில்.

ஆனால் இவ்விரு பணிகளுக்கும் பொதுவாக இருப்பது பெரும்பாலும் 'வங்கி' என்ற சொல் மட்டுமே. கிளை அதிகாரி ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு ஒரே வகைச் சேவைகளை விற்கிறார். முதலீட்டு வங்கியாளரோ சில நிறுவனங்களுக்காகவே உழைக்கிறார். நிறுவனத்தின் மதிப்பைக் கணக்கிடுவது, வெளியீட்டு ஆவணம் தயாரிப்பது, வாங்குவோரைத் தேடுவது அவர் வேலை. இதற்கு ஐஐஎம் மாணவர்களும் பட்டயக் கணக்காளர்களுமே முதலில் அழைக்கப்படுகின்றனர். ஐந்தாண்டு கிளை அனுபவம் உள்ளவர் அங்கே புதியவராகவே கருதப்படுகிறார். செபியின் 2012 விதிகளின்கீழ், முதலீட்டாளர் ஒருவரிடம் பொதுவாகக் குறைந்தது ரூ.1 கோடி பெற்று இயங்கும் தனியார் பங்கு நிதியங்களில் குழுக்கள் இன்னும் சிறியவை. அவை ஆள் எடுப்பதும் பெரும்பாலும் முதலீட்டு வங்கிகளிலிருந்தும் ஆலோசனை நிறுவனங்களிலிருந்தும்தான்.

இந்த இடைவெளியைச் சில மாதப் பயிற்சி வகுப்புகளால் தாண்டிவிடலாம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. கணினியில் மதிப்பீட்டு அட்டவணை போடக் கற்றுக்கொள்ளலாம். தேசியப் பங்குச்சந்தைக் கல்வி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் தேர்வுகளிலும் தேறலாம். அவை தகுதி நிபந்தனைகளே தவிர, பணி நியமனம் ஆகா.

உண்மையான வழி வங்கிக்குள்ளேயே இருக்கிறது. சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான கடன் பிரிவில் அமர்பவர் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கிறார். தொழிற்சாலைக்கு நேரில் சென்று, காட்டப்பட்ட சரக்கு இருப்பு மெய்தானா என்று பார்க்கிறார். வரும் பணம் தவணைக்குப் போதுமா என்று கணக்கிடுகிறார். கடன் கொடுப்பவர் பணம் திரும்புமா என்று கேட்கிறார், முதலீட்டாளர் அது எவ்வளவு பெருகும் என்று கேட்கிறார். எனினும், இருவரும் புரட்டுவது ஒரே ஏடுகளைத்தான். அங்கிருந்து பெருநிறுவனக் கடன் பிரிவுக்கும், பிறகு குழுமத்தின் முதலீட்டு வங்கிக்கும் நகர்வது நடக்கக்கூடிய பாதை.

அருந்ததி பட்டாச்சார்யாவின் பணிவாழ்வு இதற்குப் பலரும் அறிந்த சான்று. ஆங்கில இலக்கியம் பயின்ற அவர், 1977-ல் பாரத ஸ்டேட் வங்கியில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தார். பல பிரிவுகளைக் கடந்து, அவ்வங்கியின் முதலீட்டு வங்கிப் பிரிவான எஸ்பிஐ கேபிடல் மார்க்கெட்ஸின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2013-ல் வங்கியின் தலைவரானார். ஓய்வுக்குப் பின் கிரிஸ்கேபிடல் என்ற தனியார் பங்கு நிதியத்தின் ஆலோசகரானார். ஆனால் முதலீட்டு வங்கியை எட்ட அவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதையும் மறக்கலாகாது. பொதுத்துறை வங்கிகளில் இத்தகைய மாற்றுப்பணியை முடிவு செய்வது நிர்வாகமே. அதிகாரியின் விருப்பம் இரண்டாம்பட்சம்.

இதற்கிடையே இரு ஒழுங்குமுறை மாற்றங்கள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. முழு அளவில் இயங்கும் மெர்ச்சன்ட் பேங்கர்களின் குறைந்தபட்ச நிகர மதிப்பை ரூ.5 கோடியிலிருந்து ரூ.50 கோடியாகப் படிப்படியாக உயர்த்த செபி வாரியம் 2024 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. பெரிய பட்டம் இல்லாதவர்களுக்கு ஓரளவு இடம் தந்தவை சிறு நிறுவனங்கள்தான். அவற்றின் எண்ணிக்கை குறையக்கூடும்.

மறுபுறம், இந்திய நிறுவனங்கள் பிற நிறுவனங்களைக் கையகப்படுத்த வங்கிகள் கடன் வழங்க வகைசெய்யப்படும் என 2025 அக்டோபர் 1 அன்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா அறிவித்தார். நெடுங்காலமாக வங்கிகள் பெரிதும் விலக்கி வைக்கப்பட்டிருந்த களம் அது. வாங்கப்படும் நிறுவனத்தை மதிப்பிடத் தெரிந்தவர்கள் இனி வங்கிகளுக்கே தேவைப்படுவர். அவர்களைத் தங்கள் கடன் அதிகாரிகளிடையே உருவாக்குவதா, வெளியிலிருந்து கூடுதல் சம்பளத்துக்கு அழைத்து வருவதா என்பதை வங்கிகள் எப்படி முடிவு செய்கின்றன என்பதைப் பொறுத்தே கிளை அதிகாரிகளுக்கு இதில் பங்கு கிடைக்கும்.